சதுர வாழ்த்து அட்டைக்கும் ஐந்து ரூபாய் ஸ்டாம்ப் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் கையால் செய்யும் பிறந்தநாள் வாழ்த்து அட்டைகளைப் பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். இந்தக் காலத்தில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கினீர்களே என்று சந்தோஷம்தான். ஆனால் கடைசியில் கட்டம் கட்டி, "சதுர அட்டைகளைத் தவிர்க்கவும், தபாலில் கூடுதல் கட்டணம் ஆகும், சில சமயம் திரும்பியும் வரும்" என்று ஒரு வரி போட்டிருந்தீர்கள் பாருங்கள், அதைப் படித்த பிறகு இந்தக் கடிதத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் தையல் வேலை செய்பவள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள், அண்ணன் தம்பி பிள்ளைகள், அக்காவின் பேரன் பேத்திகள் என்று எல்லோருக்கும் வருஷக்கணக்காகச் சதுர அட்டைதான் செய்து அனுப்புகிறேன், ஐந்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி, சாதாரணத் தபாலில். சதுரம் என்பதற்காக ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

அந்த வரி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். யூடியூப்பில் அட்டை செய்யும் அமெரிக்கப் பெண்மணிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், வேலை அற்புதமாக இருக்கும், நானும் பார்ப்பேன். அவர்கள் சதுர அட்டை செய்யும்போதெல்லாம் "இதற்குக் கூடுதல் தபால் கட்டணம் உண்டு, கவனம்" என்று சொல்வார்கள். அவர்கள் ஊருக்கு அது உண்மை. அங்கே ஒரு சாதாரணக் கடிதம் என்றால் உறையின் நீளத்தை உயரத்தால் வகுக்கும்போது 1.3-க்கும் 2.5-க்கும் நடுவில் வர வேண்டும். சதுரத்தை வகுத்தால் 1 தானே வரும், அதனால் அது இயந்திரத்துக்கு ஒத்துவராத கடிதம் என்று தனியாக ஒதுங்கிவிடும். அங்குள்ள இயந்திரங்கள் கடிதத்தை நீளப் பக்கம் கீழே வரும்படி நிறுத்தித்தான் ஸ்டாம்ப் எங்கே, முகவரி எங்கே என்று பார்க்கின்றன. நான்கு பக்கமும் ஒரே அளவாக இருந்தால் உறை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பிக்கொள்ளும், முகவரி பக்கவாட்டிலோ தலைகீழாகவோ போய்விடும். அப்புறம் ஓர் ஆள் கையால் எடுத்துப் பார்க்க வேண்டும், அந்தக் கைவேலைக்குத்தான் அந்தக் காசு. 2025 ஜூலையில் உயர்த்திய கட்டணப்படி அங்கே சாதாரணக் கடிதத்துக்கு 78 சென்ட், சதுரமாக இருந்தால் மேலே இன்னொரு 49 சென்ட். இதற்கென்றே பட்டாம்பூச்சிப் படம் போட்ட ஸ்டாம்ப் ஒன்றை 2010-லிருந்து விற்கிறார்கள், அதை ஒட்டினால் கூடுதல் காசும் சேர்ந்துவிடும், ஒட்ட வேண்டியது ஒன்றே ஒன்று. வாழ்த்து அட்டை அனுப்புகிறவர்களை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு அது. எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

அதுவும் உலகம் முழுக்க ஒரே மாதிரி இல்லை. இங்கிலாந்தில் சாதாரணக் கடிதம் என்றால் 24 சென்டிமீட்டருக்கு 16.5 சென்டிமீட்டர், தடிமன் அரை சென்டிமீட்டர், இதற்குள் அடங்கினால் சதுரமா நீளமா என்று யாரும் கேட்பதில்லை. 16.5-ஐத் தாண்டினால்தான் பெரிய கடிதம் என்று காசு ஏறும்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். நம் அஞ்சல் துறையில் சாதாரணக் கடிதத்துக்கு எடைக்குத்தான் காசு. 20 கிராம் வரை 5 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு 20 கிராமுக்கும் அல்லது அதில் ஒரு பகுதிக்கும் இன்னொரு 5 ரூபாய். சதுரத்துக்கென்று தனிக் கட்டணம் கிடையாது.

அப்படியிருந்தும் ஒரு தபால் நிலையத்தில் (எந்த ஊர் என்று சொல்ல வேண்டாம்) கவுன்டரில் இருந்த தம்பி என் உறையை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஷேப் சரியில்லம்மா, சாதாரணத் தபால்ல போகாது, ஸ்பீட் போஸ்ட் போட்டுருங்க" என்றார். எடை போடுங்கள் தம்பி என்றேன். பதினைந்து கிராம்கூட இல்லை. "எடை சரிதாம்மா, ஷேப்தான்" என்றார். எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டதற்குப் பதில் இல்லை, பக்கத்து சீட்டைப் பார்த்தார், அங்கேயும் பதில் இல்லை. கடைசியில் ஐந்து ரூபாய் ஸ்டாம்பாவது கொடுங்கள், நானே பெட்டியில் போட்டுக்கொள்கிறேன் என்றால் அந்த ஸ்டாம்பும் ஸ்டாக் இல்லையாம். ஸ்பீட் போஸ்ட் என்றால் 2025 அக்டோபரிலிருந்து வெளியூருக்கு 50 கிராம் வரை 47 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஐந்து ரூபாயில் போகிற அட்டைக்கு ஐம்பதுக்கு மேல் கொடுத்தால் வீட்டில் எத்தனை பிள்ளைகளுக்கு அனுப்ப முடியும்? நான் அடுத்த தெருவில் ஒரு ஸ்டேஷனரிக் கடைக்காரரிடம் ஸ்டாம்ப் வாங்கி ஒட்டிச் சிவப்புப் பெட்டியில் போட்டேன். போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்தத் தம்பியைக் குறை சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை, அவருக்கு யாரோ அப்படிச் சொல்லியிருப்பார்கள். ஆனால் பத்திரிகையிலும் அதே மாதிரி வந்தால் புதிதாக அட்டை செய்ய நினைக்கிற ஒருவர் சதுரத்தை விட்டுவிடுவார். விடக்கூடாது என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

முதல் காரணம் கோலம். நேர்ப்புள்ளிக் கோலம் பெரும்பாலும் ஐந்துக்கு ஐந்து, ஏழுக்கு ஏழு என்று அது சதுரத்துக்காகவே பிறந்தது. நீள அட்டையில் கோலம் போட்டால் மேலேயும் கீழேயும் இடம் வெறிச்சென்று கிடக்கும், அதை நிரப்பப் பூவும் பலூனும் ஒட்டி அசிங்கமாகிவிடும். இரண்டாவது, சதுரத்தில் ஒரே ஓர் அளவைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், அதனால் ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குக்கூடச் சொல்லிக்கொடுத்துவிடலாம். மூன்றாவது, பிறந்தநாள் பிள்ளையின் போட்டோ நின்ற வாக்கில் இருந்தாலும் படுத்த வாக்கில் இருந்தாலும் இடம் சரியாக இருக்கும். அவ்வளவு போதும், மற்றபடி பார்க்க அழகு என்பது என் சொந்த அபிப்பிராயம்.

அளவைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒன்றுமே இல்லை, அதுதான் முக்கியம். நான் செய்வது 13 சென்டிமீட்டர் சதுரம். ஏன் 13? ஏ4 தாள் 21-க்கு 29.7. அதில் 26-க்கு 13 ஒரு துண்டு வெட்டி நடுவில் மடித்தால் அட்டை. மிச்சம் எட்டு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை வரும், அது புத்தகத்தில் வைக்கிற அடையாள அட்டைக்கும் பரிசுப் பொட்டலத்தில் கட்டுகிற சீட்டுக்கும் ஆகும். உறைக்கு இன்னொரு ஏ4 தாளில் 21-க்கு 21 சதுரம் வெட்டி, அட்டையை அதன் நடுவில் மூலைகள் பார்க்கும்படி சாய்த்து வைத்து, நான்கு மூலைகளையும் உள்ளே மடித்தால் ஒவ்வொன்றும் நடுவைத் தாண்டி ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் ஏறி உட்காரும், பசை தடவ அந்த இடம் கச்சிதம். சிலர் ஆசைப்பட்டு ஏ4-இல் வரக்கூடிய பெரிய சதுரத்தையே, அதாவது கிட்டத்தட்ட 14.8 சென்டிமீட்டரை, வெட்டிவிடுவார்கள். அட்டை வரும், ஆனால் உறைக்கு ஏ4 பத்தாது. 21 சென்டிமீட்டர் சதுரத்தின் நான்கு மூலைகளையும் நடுவுக்கு மடித்தால் கிடைப்பதே 14.8 தான். மூலைகள் தொட்டுக்கொண்டு நிற்கும், ஒட்ட இடமே இருக்காது. கடையில் வாங்கலாம் என்றால் நம்ம ஊர்க் கடைகளில் நீள உறையும் மொய்க் கவரும்தான் கிடைக்கும், சதுர உறை வேண்டும் என்று கேட்டால் சிடி கவரா என்பார்கள்.

எடைக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) அட்டையில் 26-க்கு 13 துண்டு பத்து கிராம் வரும். 80 அல்லது 100 ஜிஎஸ்எம் தாளில் உறை நான்கு கிராம். மொத்தம் பதினாலு பதினாலரை. 20-க்கு இன்னும் ஐந்து கிராம் மிச்சம் இருக்கிறது, அந்த ஐந்து கிராமுக்குள்தான் உங்கள் அலங்காரம் எல்லாம். இதையே ஆறு அங்குலச் சதுரமாகச் செய்தால் அட்டையே பதினாலு கிராம், உறை ஐந்தரை, 19-ஐத் தாண்டி நிற்கும், ஒரு ரிப்பன் கட்டினால் பத்து ரூபாய் ஸ்டாம்ப். பத்து ரூபாய் போனால் போகிறது என்று ஒட்டிவிட்டால் பிரச்சினை இல்லை. ஐந்து ரூபாய் ஒட்டிப் போட்டால்தான் வம்பு. குறைகிற தொகையைப் போல இரண்டு மடங்கை வாங்குபவரிடம் வசூலிப்பார்கள். பிறந்தநாள் அன்றைக்குப் பிள்ளை பத்து ரூபாய் கொடுத்து வாழ்த்தை வாங்க வேண்டியிருக்கும், அதுவும் சில்லறையாக.

தாளைப் பற்றி. பள்ளிக்கூடத்து சார்ட் பேப்பர் வேண்டாம், மெலிசு, நிறுத்தினால் நிற்காது. 250-லிருந்து 300 ஜிஎஸ்எம் வரை சரி. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கையால் செய்யும் காகிதம் கிடைத்தால் விடாதீர்கள், பருத்திக் கந்தலில் செய்வது, ஓரம் பிசிறு பிசிறாக இருக்கும், அதை வெட்டி நேராக்கிவிடாமல் ஒரு பக்கமாவது அப்படியே விடுங்கள். மை கொஞ்சம் ஊறும், அதனால் ஜெல் பேனா வேண்டாம், பால் பாயின்ட் போதும். தாளுக்கும் துணி மாதிரி ஒரு நேர் உண்டு. மடிக்கும் முன்னால் தாளை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் சுலபமாக வளையும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். சுலபமாக வளைகிற பக்கம்தான் மடிப்பு வர வேண்டும். மாறிப் போனால் மடிப்புக் கோட்டில் தாள் வெடித்து உள்ளே இருக்கும் வெள்ளை தெரியும், கறுப்பு சிவப்புத் தாளில் அது நன்றாகவே தெரியும். மடிக்கிற இடத்தில் முதலில் ஸ்கேல் வைத்து மை தீர்ந்த ரீஃபிலால் அழுத்தி ஒரு கோடு, அப்புறம் மடிப்பு. வெட்டுவதற்கு இரும்பு ஸ்கேலும் பேப்பர் கட்டரும், அடியில் பழைய தினசரி காலண்டர் அட்டை. கத்தரிக்கோலால் நேராக வெட்ட முடியாது, எனக்கே வராது, நான் நாள் முழுக்கக் கத்தரி பிடிப்பவள். சதுரம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க நான்கு பக்கத்தையும் அளந்தால் மட்டும் போதாது, மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். மடித்த 13 சென்டிமீட்டர் அட்டைக்கு இரண்டுமே 18.4 வர வேண்டும். ஒன்று கூட, ஒன்று குறைய என்றால் கோணல்.

அலங்காரத்தில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். உங்கள் கட்டுரையில் போட்டிருந்த படங்களில் முத்து, குந்தன் கல், சமிக்கி, ஒரு அட்டையில் சட்டைப் பட்டன்கூட இருந்தது. கையில் கொடுக்கிற அட்டைக்கு ஓகே. தபாலில் போகிற அட்டை என்றால் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டாம்ப்பின் மேல் முத்திரை குத்துவார்கள், பல இடங்களில் இன்னும் கையால், ஓங்கி. அந்த இடத்துக்கு நேர் கீழே, அட்டையின் வலது மேல் மூலையில், நீங்கள் ஒரு கல்லை ஒட்டியிருந்தால் கல் உடையும் அல்லது உறை கிழியும். அப்புறம் கட்டுக் கட்டாகக் கட்டிப் பையில் அமுக்குவார்கள். அதனால் மேடு பள்ளம் எதுவும் வேண்டாம். பசையில் தூவுகிற மினுமினுப்புப் பொடியும் வேண்டாம், உறையைத் திறந்ததும் அது அட்டையில் இருக்காது, சாப்பாட்டு மேஜையில் இருக்கும்.

நான் செய்வது நூல் வேலை. அட்டையின் முன்பக்கத்தில் பென்சிலால் ஏழுக்கு ஏழு புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் குண்டூசியால் துளை போட்டு, அந்தத் துளைகள் வழியாக எம்ப்ராய்டரி நூலைக் கோத்துக் கோலத்தை இழுத்துவிடுவேன். சிக்குக் கோலத்துக்கு வளைவு வராது, நேர்க்கோட்டில் வருகிற கோலங்களாக எடுத்துக்கொள்ள வேண்டும். நூல் ஒரு கிராம்கூட வராது, தட்டையாக இருக்கும், முத்திரை எத்தனை குத்து குத்தினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. உள்பக்கம் நூல் முடிச்சு தெரியும் என்பதால் அதன்மேல் ஒரு மெல்லிய வெள்ளைத் தாளை ஒட்டி மறைத்துவிடுவேன். தையல் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி. துணித் துண்டைப் பூவாகவோ மீனாகவோ வெட்டி அட்டையில் வைத்து ஓரத்தில் ஒரு தையல் ஓட்டிவிடலாம். ஆனால் தையலை நீளமாக வைக்க வேண்டும், நெருக்கித் தைத்தால் ஸ்டாம்ப் ஓரம் மாதிரி கிழிந்து கையோடு வந்துவிடும். ஊசி பழசாக இருக்கட்டும், தாளில் ஓட்டிய ஊசி மழுங்கிப் போகும், அதை மறுபடி துணிக்குப் போட்டால் இழை இழுக்கும். பசை என்றால் ஃபெவிகாலைத் தண்ணீர் கலக்காமல் மெலிசாக. மைதாப் பசை வேண்டாம், கரப்பான் தேடி வரும்.

கல்யாணப் பத்திரிகைகளை நாம் என்ன செய்கிறோம்? அலமாரிக்கு மேலே அடுக்கி வைக்கிறோம், பிள்ளையார் படம் இருக்கிறதே, குப்பையில் எப்படிப் போடுவது என்று. இப்போது வருகிற பத்திரிகைகளில் பாதி சதுரம்தான், அட்டையும் நல்ல கனம். சாமி படத்தைச் சுற்றி வெட்டி எடுத்துப் பூஜை அறையில் வைத்துவிட்டு, பார்டர், மயில், மாங்காய் டிசைன் இருக்கிற பகுதிகளை நான் பிறந்தநாள் அட்டைக்கு எடுத்துக்கொள்கிறேன். சாமி படத்தை வெட்டி அட்டையில் ஒட்டாதீர்கள், அட்டையை ஒருநாள் தூக்கிப் போடும்போது வாங்கியவருக்கு மனசு வராது, நம்மால் அவருக்கு ஒரு சங்கடம். உள்ளே அச்சடித்த பக்கம் தெரியாமல் வெள்ளைத் தாள் ஒட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிறந்தநாள் வாழ்த்துக்கு அடியில் "தங்கள் நல்வரவை விரும்பும்" என்று யாரோ ஒரு குடும்பம் நிற்கும்.

கறுப்பு உறை இப்போது ஃபேஷன், வெள்ளை ஜெல் பேனாவில் முகவரி எழுதினால் பார்க்க எடுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கிராமத்தில் ஒரு வீட்டு வாசலில் தபால்காரர் கறுப்பு உறையோடு நின்றால் அந்த வீட்டுப் பெரியவருக்கு முதலில் கருமாதிப் பத்திரிகைதான் ஞாபகம் வரும். பெரியம்மாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு அப்படி ஒன்று போக வேண்டுமா? மஞ்சள் தாளில் உறை செய்யுங்கள், மூலைகளில் கொஞ்சம் மஞ்சள் தடவினாலும் தப்பில்லை.

முகவரிக்கு வருகிறேன். சதுர உறையில் எது மேல் எது கீழ் என்று பார்க்கிறவருக்குக் குழப்பம் வரக்கூடாது. முதலில் ஸ்டாம்ப் எந்த மூலை என்று முடிவு செய்து அங்கே ஒட்டுங்கள், அப்புறம் அதை வலது மேல் மூலையாக வைத்து முகவரி எழுதுங்கள். பின்கோடை எண்ணுக்கு எண் இடம் விட்டுப் பெரிதாக எழுதுங்கள். 1972-இல் வந்த ஏற்பாடு, அந்த ஆறு எண்தான் கடிதத்தை ஊருக்குக் கொண்டுபோகிறது, நம் அழகான கையெழுத்து இல்லை. கீழே வாங்குபவரின் செல்பேசி எண்ணையும் எழுதிவிட்டால் பூட்டிய வீடு என்றாலும் தபால்காரர் கூப்பிட்டுக் கேட்பார். அனுப்புநர் முகவரி பின்பக்கம், மடிப்பின் மேல். காலண்டர் தாளில் உறை செய்தால் வழுவழுப்பான பக்கம் வெளியே வரும், அதில் பேனா எழுதாது, எழுதினாலும் விரல் பட்டால் அழியும், அதனால் ஒரு வெள்ளைத் தாளில் முகவரி எழுதி ஒட்டிவிடுங்கள். ஸ்டாம்ப்பையும் அந்த வழுவழுப்பில் எச்சில் தொட்டு ஒட்டினால் பாதி வழியில் விழுந்துவிடும், கவுன்டரில் இருக்கும் கோந்தைத் தடவி ஒட்டுங்கள்.

உள்ளே நூறு ரூபாய் நோட்டு வைத்து அனுப்புகிற அத்தைமார் உண்டு. சாதாரணத் தபாலில் பணம் வைப்பது விதிப்படி கூடாது. மொய்க் கவரோடு ஒரு ரூபாய் நாணயமும் கூடாது, எடையும் ஏறும். ஜிபே இருக்கிறது, அதில் போட்டுவிடுங்கள்.

பிள்ளையின் படத்தையே ஸ்டாம்ப்பாக அடித்துத் தருகிற மை ஸ்டாம்ப் திட்டம் 2011-லிருந்து இருக்கிறது. பன்னிரண்டு ஐந்து ரூபாய் ஸ்டாம்ப் கொண்ட ஒரு தாள் 300 ரூபாய். அறுபது ரூபாய் தபாலுக்கு முந்நூறு ரூபாய். முதல் பிறந்தநாளுக்கு ஒருமுறை ஆசைக்குச் செய்யலாம், வருஷா வருஷம் செய்கிற செலவு இல்லை.

ஒரு வாரம் முன்னால் போட்டுவிட வேண்டும், வாசலுக்கு வந்து எடுக்கிற கூரியர் இல்லை இது. பெட்டியில் எழுதியிருக்கும் எடுக்கிற நேரத்தைப் பார்த்துப் போடுங்கள். தாமதமாகிவிட்டால் நமக்கென்று ஒரு வசதி இருக்கிறது. தேதிப் பிறந்தநாள் ஒரு நாள், நட்சத்திரப் பிறந்தநாள் இன்னொரு நாள், நட்சத்திரம் வருஷா வருஷம் நகர்ந்துகொண்டே இருக்கும். காலண்டரைப் பார்த்து எது பின்னால் வருகிறதோ அதற்கு அனுப்பினோம் என்று சொல்லிக்கொள்ளலாம், பெரியவர்கள் அதைத்தான் விரும்பவும் செய்வார்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒரு விஷயம், இங்கேதான் அளவு பார்க்க வேண்டும். பன்னாட்டுத் தபாலில் கடிதத்துக்குக் குறைந்தபட்ச அளவு 14-க்கு 9 சென்டிமீட்டர். என்னுடைய 13 சென்டிமீட்டர் அட்டையின் உறை 13.4 வரும், அகலம் போதும், நீளம் பத்தாது. அதனால் வெளிநாட்டுக்கு மட்டும் 14 சென்டிமீட்டர் அட்டை, 14.5 உறை. அதற்கு 23 சென்டிமீட்டர் சதுரத் தாள் வேண்டும், ஏ4 பத்தாது, மாதக் காலண்டர் தாள் சரியாக இருக்கும். ஸ்டாம்ப் மட்டும் கவுன்டரில் கேட்டுத்தான் ஒட்ட வேண்டும், நாட்டுக்கு நாடு மாறும். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கச் சுங்க விதி மாறியதில் அந்த நாட்டுக்கான தபாலையே நம் அஞ்சல் துறை நிறுத்தி வைத்து, அக்டோபர் நடுவில்தான் திரும்பத் தொடங்கினார்கள். அக்கா பேரனுக்குச் செப்டம்பரில் பிறந்தநாள், அந்த அட்டை தீபாவளி வாழ்த்தாகத்தான் போனது, உள்ளே இரண்டு வரி சேர்த்து எழுதினேன். ஆனால் அமெரிக்காவிலிருந்து அவர்கள் நமக்கு அனுப்பினால் சதுரத்துக்குக் கூடுதல் காசு அங்கே உண்டு. உங்கள் கட்டுரையின் அந்தக் கட்டத்தை அவர்களுக்கு அனுப்பி வைக்கலாம், நமக்கு அது பொருந்தாது.

டென்மார்க்கில் 2025 டிசம்பர் கடைசியோடு அரசுத் தபால் நிறுவனம் கடிதம் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. நம்ம ஊரில் அஞ்சல் துறை இன்னும் வீடு வீடாக வருகிறது, வருஷா வருஷம் டாய் ஆக்கர் என்று கடிதப் போட்டி வைத்துப் பிள்ளைகளைக் கையால் எழுதச் சொல்கிறது, பரிசும் கொடுக்கிறது. நல்ல காரியம். அதே துறையின் கவுன்டரில் கையால் செய்த அட்டையோடு வருகிறவரை ஐம்பது ரூபாய்க்குத் தள்ளிவிடுவதுதான் புரியவில்லை. நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு தபால் நிலையத்திலும் சாதாரணக் கடிதத்தின் எடை, கட்டணம், அளவு இவற்றைத் தமிழில் ஒரு பலகையில் எழுதிக் கவுன்டருக்கு வெளியே, நாங்கள் பார்க்கிற மாதிரி மாட்டட்டும். தராசின் எண் எங்களுக்கும் தெரியட்டும். ஐந்து ரூபாய் ஸ்டாம்ப் எப்போதும் இருக்கட்டும், ஸ்பீட் போஸ்ட் வேண்டுமா என்பதை நாங்கள் சொல்கிறோம். மாவட்டக் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கும் இதைத் தனியாக எழுதியிருக்கிறேன்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்தக் கட்டத்துக்கு ஒரு திருத்தம் போடுங்கள். கூடவே 21 சென்டிமீட்டர் தாளில் சதுர உறை மடிக்கும் முறையைப் படமாகப் போட முடிந்தால் நல்லது, அளவுகளை மேலே கொடுத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தையும் அப்படி ஒரு சதுர உறையில்தான் அனுப்புகிறேன், எழுத எழுத நீண்டு தாள் கூடிவிட்டதால் பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தையல் வேலை செய்யும் வாசகி ஒருவர்,
தென் மாவட்டம்